பக்கத்து இருக்கை

மதுரைக்கு வந்த முதல் மாதம் தெருவில் என்னை எல்லோரும் ‘பாய்’ என்றே கூப்பிட்டார்கள். நான் முஸ்லிம் அல்ல. கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தேன், அவ்வளவுதான். ரங்கூனில் கப்பல் துறையில் மூட்டை சுமப்பவரும் கைலிதான், கடை முதலாளியும் கைலிதான். அதைப் பார்த்து ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று யாரும் முடிவு செய்வதில்லை. இங்கே பழங்காநத்தம் காப்பிக் கடையில் ஒரு பெரியவர் எனக்கு ஸலாம் சொன்னார். மறுத்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பதில் ஸலாம் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தேன். அப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

நான் பிறந்ததே ரங்கூனில். ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் அங்கிருந்து நடந்தே வந்த கூட்டத்தில் ஒருவன். அந்த நடையைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. கூட நடந்தவர்களுக்கு எழுத வேண்டியதும் இல்லை. என் மனைவி மா ச்சீ பர்மாக்காரி. படுக்கையில் கிடந்த தாயை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன். இப்போது அங்கே தபால்கூடப் போவதில்லை.

என் தங்கை பழங்காநத்தத்தில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆகிறது. நாற்பத்தைந்து வயதில் அவள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் முகம் கோணவில்லை. ஆனால் ரேஷன் அரிசிக் காலம். தினமும் காலையில் நிலைப்படியில் நின்று கேட்பாள்.

“அண்ணே, மத்தியானம் வந்துருவீகளா? உலையில எம்புட்டு போடணும்னு பாக்கத்தான் கேக்குறேன்.”

வேறு எந்த நினைப்பும் இல்லாமல்தான் கேட்டாள். எனக்குத்தான் அது கணக்குக் கேட்பதுபோல் இருக்கும். என் சோற்றை நானே பொங்கிச் சாப்பிட வேண்டும். அந்த வருஷம் எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

ரங்கூனில் நான் சைக்கிள் பழுது பார்த்தவன். கிளம்பி வருவதற்குச் சில வருஷம் முன்னால்தான் அங்கே ‘சைக்கா’ என்ற வண்டி ஓடத் தொடங்கியது. சைக்கிளின் பக்கவாட்டில் மூன்றாவது சக்கரம், அதன்மேல் ஓர் இருக்கை. ஓட்டுகிறவனும் சவாரி வருகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். மதுரையில் மனிதன் கையால் இழுக்கும் ரிக்‌ஷாவையும் குதிரை வண்டியையும்தான் கண்டேன். ஒரு சைக்கா கட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கோரிப்பாளையம் தர்கா பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த இபுராகிமிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பெயரைச் சொன்னதும் என் கைலியைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, நம்ம ஆளுன்னுல்ல நெனச்சேன்! போகுது, கைலியாச்சும் நம்மாளு.”

கடைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்பை எடுத்துக்கொள்ள விட்டார். உடைந்த கட்டிலின் குழாய், இரண்டு சைக்கிளில் தேறிய மூன்று சக்கரம், கால் ஒடிந்த பிரம்பு நாற்காலி. டயர் கிடைக்காத யுத்தகாலம். கிழிந்த டயருக்குள் இன்னொரு பழைய டயரை வைத்துத் தைத்தேன். ஒன்றரை மாதம் ஆயிற்று. கடைசி நாள் நாற்காலிக்கு நீல வர்ணம் அடித்து, தர்கா முனையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கூட்டம் கூடிவிட்டது. சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்கள், மணியை அடித்தார்கள். ஆனால் ஒருவரும் ஏறவில்லை. சந்தைக்குப் போகிற ஒருவரிடம், “உக்காருங்க அண்ணே” என்றேன்.

“நானும் நீயும் என்ன மாப்ளையும் பொண்ணுமா, சோடியா உக்காந்து ஊர்வலம் போக?” என்றார் அவர். தெருவே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் தன் தாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்கு மூச்சு இரைத்தது. நான் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவர் நாற்காலியைப் பார்த்தார். அதை ஒட்டினாற்போலிருந்த என் சீட்டைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு மகளிடம், “நடந்தே போயிருவோம்” என்றார். வெயிலில் நின்று நின்று போனார்கள்.

அப்போதுதான் உறைத்தது. மா ச்சீ சந்தைக் கூடையோடு சைக்காவில் ஏறி, முன்பின் தெரியாத வண்டிக்காரனோடு வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவாள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணால் நான் வண்டி கட்டியிருக்கிறேன். இங்கே அந்நிய ஆணின் முழங்கைக்குப் பக்கத்தில் எந்தப் பெண் உட்காருவாள்? கடைக்குத் திரும்பி இபுராகிமிடம் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ணே.”

“அப்ப ஏன் பாய் சொல்லல?”

“நீங்க ரங்கூன்காரரு. அங்கிட்டு இதான் நாகரிகமோ என்னமோன்னு இருந்துட்டேன்.”

மறுநாளே வண்டியைப் பிரித்தோம். பின்னால் ஒரே அச்சில் இரண்டு சக்கரம், அவற்றுக்கு நடுவில் அதே நாற்காலி, மேலே தார்ப்பாய்க் கூண்டு, முன்னால் தங்கை கொடுத்த பழஞ்சேலையில் ஒரு திரை. இரண்டு சங்கிலியைச் சேர்த்து ஒன்றாக நீட்டினோம். எல்லாம் முடிந்தபோது, பக்கத்து இருக்கையைத் தாங்கியிருந்த குழாய் மட்டும் சட்டத்திலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. இபுராகிம் ரம்பத்தோடு வந்தார்.

“இத அறுத்துருவமா?”

“இருக்கட்டும் பாய்.”

“எதுக்கு? போற வாற ஆளக் குத்தும்.”

“அவ வந்தா திரும்ப மாட்ட வேண்டி வரும்...” என்று இழுத்தேன். அவர் ரம்பத்தைச் சுவரில் மாட்டினார்.

முதல் சவாரி அவருடைய மாமியார்தான். தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் இன்னொரு மகள் வீட்டுக்கு. வைகைப் பாலத்தில் போகும்போது கீழே தண்ணீரே இல்லை, மணல்தான். ஏதாவது பேசலாம் என்று தோன்றியது. திரைக்குப் பின்னால் இருப்பவரிடம் என்ன பேசுவது? “மெதுவாப் போ தம்பி, குலுக்குது” என்று ஒரு தடவை குரல் வந்தது. போய்ச் சேரும் வரை வேறு சத்தம் இல்லை. இறங்கும்போது அவர் போர்த்தியிருந்த துப்பட்டியின் விளிம்பைத்தான் பார்த்தேன். மறுநாள் அவர் தெருவிலிருந்தே இரண்டு சவாரி வந்தது.

இப்போது கோரிப்பாளையத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். சொந்த அடுப்பு. நாள் முழுக்க ஜனங்களை ஏற்றி இறக்குகிறேன். ஆனால் வண்டி ஓடும்போது யார் முகமும் எனக்குத் தெரிவதில்லை. பர்மியச் சொல் ஒன்று வாயில் வந்தால் அப்படியே விழுங்கிவிடுகிறேன்.

குழாய் நுனியில் துணி சுற்றியிருக்கிறேன். “யோவ், அந்தக் கொம்ப வெட்டி எறியேன்யா!” என்று தினமும் யாராவது சத்தம் போடுகிறார்கள். “நாளைக்கு வெட்டிருவேண்ணே” என்கிறேன். ஒவ்வொரு சந்து திரும்பும்போதும் அந்த ஒரு சாணுக்கும் இடம் விட்டுத்தான் வண்டியைத் திருப்புகிறேன்.