அப்பா தூக்கிய கை

கூட்டங்களில் யாராவது சிரித்த முகத்தோடு "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வயது தாண்டிவிட்டது. ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வாரத்துக்கு மூன்று கூட்டம். இந்த நாட்டில் கூட்டம் வைக்காமல் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் யார் தூக்குகிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை வில்லங்கம் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் இருந்தோம். அங்கே பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியில் நான் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரி. எங்களைப் பழக்கியவர் ஒரு ஈரான்காரர். நோர்வேஜிய வழக்கப்படி நாங்கள் அவரை 'ட்ரேனர்' என்று கூப்பிடுவோம். பகலில் நகரப் பேருந்து ஓட்டுவார். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்த கையோடு, மேற்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். மழையா, ஆலங்கட்டியா, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவர் சும்மா ஆள் இல்லை. காஸ்பியன் கடலோரத்து ஊர் ஒன்றின் முதற்பிரிவு அணிக்கு எட்டு வருடம் நடுக்களத்தில் ஆடியவர். தேசிய அணியின் முகாமுக்குக் கூப்பிட்ட அதே வாரம் முழங்கால் போய்விட்டது. பிறகு அதே அணியின் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு நாட்டைவிட்டே வரவேண்டியதாயிற்று. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்பதில்லை.

அவருடைய பணப்பைக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. மெலிந்த ஒரு பையன் அந்தரத்தில் நின்று பந்தை உதைக்கிறான். பின்னால் ஆயிரக்கணக்கான முகங்கள். ஒரு நாள் எங்களை ஈரப் புல்தரையில் இருத்தி, இதில் ஒரு பெண்ணைக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்றார். தாளில் மூக்கு முட்ட முட்டத் தேடினோம். ஒருத்தியும் இல்லை. அங்கே பெண்களை மைதானத்துக்குள் விடுவதில்லையாம். சொந்தத் தங்கைகூட அவர் ஆடிய ஒரு ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லையாம். வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாளாம். அதனால்தான் இங்கே பெண்பிள்ளைகளின் அணிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். எங்களுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கிழமை எதிரணிக்கு ஏழு கோல் போட்டோம்.

அப்பாவுக்கு அவரை நன்றாகப் பிடிக்கும். அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார். வேலை முடிந்து, அம்மா ஊற்றிக்கொடுத்த இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலோடும் இரண்டு கோப்பைகளோடும் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். ட்ரேனர் பிஸ்தாப் பருப்பு கொண்டுவருவார். இரண்டு பேரும் கோட்டோரத்தில் நின்று, கையைக் காலை ஆட்டி, விழுந்து விழுந்து சிரித்துக் கதைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு நோர்வேஜிய மொழி நன்றாக ஓடும் என்று நான் நம்பியிருந்தேன். டாக்டரிடமும் வங்கியிலும் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போவார்தான். அது கடினமான சொற்களுக்கு மட்டும் என்று என் நினைப்பு.

இந்த நாட்டுக் கூட்டங்களில் தப்பிப்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருந்தது. நடு வரிசையில் இருப்பார்கள். முன்னுக்கு இருக்கிறவர் சிரித்தால் சிரிப்பார்கள், கை தட்டினால் தட்டுவார்கள், கை தூக்கினால் தூக்குவார்கள். அம்மா ஒருமுறை இப்படித் தூக்கி, பள்ளிக்கூட விழாவுக்கு அறுபது பேருக்குக் கேக் செய்வதாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டா. மூன்று நாள் வீடே வனிலா மணந்தது. அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவர் அப்பாதான்.

அந்த ஐப்பசியில் உதைபந்தாட்டக் கழகக் கட்டடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பயிற்சி முடித்த பிள்ளைகள் நாங்கள் பின்னால் வாஃபல் தின்றுகொண்டிருந்தோம். அப்பா கையைக் காட்டிக் கூப்பிட்டதும் நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். என் தோழி ஒருத்தியும், நோர்வேஜியப் பிள்ளை, கூடவே வந்து ஒட்டிக்கொண்டாள்.

கூட்டத்தை நடத்திய அம்மணிக்கு நல்ல பஞ்சு போன்ற குரல். முதலில் ட்ரேனருக்கு நன்றி சொன்னா. மூன்று வருட உழைப்பு, பெரிய மனசு என்று அடுக்கிவிட்டு ஒரு பூங்கொத்தும் கொடுத்தா. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்வதற்குள் விஷயத்துக்கு வந்தா. அடுத்த வருடம் பிள்ளைகள் பெரிய மைதானத்துக்குப் போகிறார்களாம். பெற்றோருக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதக்கூடிய ஒருவர் பொறுப்பாக இருந்தால் நல்லதாம். எங்கள் கோல்காப்பாளரின் தகப்பன் வார இறுதியில் ஒரு பயிற்சி வகுப்பு முடித்திருக்கிறாராம். அவர் தலைமைப் பயிற்சியாளராம். ட்ரேனர் விரும்பினால் அவருக்கு உதவியாக நிற்கலாமாம்.

அந்த நெட்டை மனிதர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறிப்புப் புத்தகத்தோடு வருவார். பந்தைக் காலால் தொட்டு ஒரு நாளும் நான் கண்டதில்லை. எட்டு வருடம் முதற்பிரிவில் ஆடிய மனுசன் அவருக்குப் பயிற்சிக் கூம்பு அடுக்கிக் கொடுக்க வேண்டுமாம்! கழுத்தை அறுக்கிறதையும் அறுத்து, கையில் பூவையும் கொடுத்து! என்ன அநியாயம்! பதினொரு வயதில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

ஆனால் நான் பயப்படவில்லை. ஏனென்றால் அந்த அம்மணி இன்னொன்றும் சொன்னா. ஒரே ஒரு பெற்றோருக்கு மனமில்லை என்றாலும் இன்றைக்கு முடிவெடுக்கமாட்டோம், அடுத்த மாதம் திரும்பக் கதைப்போம் என்று. ஒரே ஒருவர் போதும். அந்த ஒருவர் என் பக்கத்திலேயே, மடியில் தேத்தண்ணிப் போத்தலோடு இருக்கிறார்.

அப்பா என் பக்கம் சரிந்தார். "என்ன சொல்லினம், பிள்ளை?"

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பாவின் தமிழை அப்படியே வாய்க்குள் உருட்டிக் காட்டினாள். எனக்கு உடம்பு கூசிப்போனது.

"ஒண்டுமில்லையப்பா. பேசாமல் இருங்கோ."

பேசாமல் இருந்தார். எல்லோருக்கும் சம்மதம்தானே என்று அந்த அம்மணி சிரித்த முகத்தோடு கேட்டா. முன்வரிசையில் கைகள் எழும்பின. பிறகு பக்கவாட்டில். நான் அப்பாவைப் பார்த்தேன். காதோடு ஒட்ட, நெட்டுக்குத்தாக, முகம் முழுக்கச் சிரிப்போடு கையைத் தூக்கி வைத்திருந்தார்.

ட்ரேனர் திரும்பினார். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த கண், அப்பாவின் கையில் வந்து நின்றது. பிறகு குனிந்து பூங்கொத்தின் தாளைச் சரிசெய்யத் தொடங்கினார். எல்லோருக்கும் சம்மதம், எவ்வளவு சந்தோசம் என்றா அந்த அம்மணி.

வீட்டுக்கு வரும்போது அப்பாவுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். அதன்பிறகு கனநாள் அவரோடு கதைக்கவில்லை. ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டா. செய்தவருக்குத் தெரியும்தானே, நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இறுகிப்போய் இருந்தேன்.

வியாழக்கிழமை ட்ரேனர் வரவில்லை. பந்துப் பையையும் கதவுத் திறப்பையும் கழகத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். ஆனால் அப்பா வந்தார்! அதே போத்தல், அதே இரண்டு கோப்பைகள். கோட்டோரத்தில் ஒரு மணித்தியாலம் அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமையும் வந்து நின்றார். என்ன முகத்தோடு வந்து நிற்கிறார் இந்த மனுசன் என்று எனக்குப் பற்றி எரிந்தது. வசந்தத்தில் நான் ஆட்டத்தையே விட்டேன். அப்பாவை மன்னித்தேனா என்றால், உண்மையைச் சொல்கிறேன், இல்லை. பின்னாளில் அவரோடு பிடித்த சண்டை எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கை இருந்தது.

போன வருடம் அப்பாவோடு இருந்து தொலைக்காட்சியில் ஒரு ஆட்டம் பார்த்தேன். பார்வையாளர் பக்கம் ஈரானியப் பெண்கள் முகத்தில் நிறம் பூசிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எனக்கு உங்கடை ட்ரேனரிலை இன்னும் மனவருத்தம், பிள்ளை" என்றார். "ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டார். அண்டைக்குப் பூவும் குடுத்து, இவரே இருக்கட்டும் எண்டு எல்லாரும் கை தூக்கேக்கை, ஆரும் தூக்காத உசரத்துக்கு நான்தானே தூக்கினனான்."

நான் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

அந்த அம்மணியிலும் நெட்டை மனிதரிலும் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை, போகவும் விடமாட்டேன். ஆனால் அந்த அறையில், நடப்பது என்ன என்று வாய்விட்டுக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் என்னிடம்தான் கேட்டார். தெரியாததால்தான் கேட்கிறார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.