கட்டுத்தரைக்கு வெளியே

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். "சீம்பால் சார். ஆப்புல ஆர்டர் போட்டா அரை மணி நேரத்துல கொண்டாந்து குடுத்துர்றான். சாப்பிட்டுப் பாருங்க" என்றார். மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் நாட்டுச் சர்க்கரையும் கலந்த வாசனை வந்தது. சீம்பால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாடு கன்று போட்ட முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கிற மஞ்சள் பால், வேகவைத்தால் கட்டியாகிவிடும். அவர் முகத்துக்காக ஒரு வாய் வைத்தேன். விழுங்க முடியவில்லை. "சுகருங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். சர்க்கரை நோய் வந்ததில் எனக்கு இருக்கிற ஒரே லாபம், இந்த மாதிரி நேரங்களில் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். அவர் போனதும் என் மனைவி டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவளுக்கு நிஜக் காரணம் தெரியும்.

நான் படித்தது மாட்டு வைத்தியம். என் விசிட்டிங் கார்டைப் பார்த்தால் அது தெரியாது. அதில் மண்டல மேலாளர் என்று இருக்கும். கோழிக்குஞ்சும் தீவனமும் கொடுத்து, பண்ணைக்காரர்களிடம் வளர்க்கச் சொல்லி, நாற்பது நாளில் திரும்ப எடுத்துக்கொள்கிற ஒரு கம்பெனி. கோழியைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. லேப்டாப்பைத் தொடுகிறேன்.

படித்து முடித்ததும் உடுமலைப்பேட்டைக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் கால்நடை மருந்தகத்தில் தற்காலிக டாக்டராக இரண்டு வருஷம் இருந்தேன். ஒரு ரூம், ஒரு நாற்காலி, காற்றில் எப்போதும் அடித்துக்கொள்கிற ஒரு ஜன்னல். அந்தப் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும்தானே, ஆடி மாசத்தில் பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் திரும்பி வரும்போது படுத்திருக்கும். சம்பளம் நினைத்தபோது வரும். என் கையில் எப்போதும் சோப்பு வாசனையும் சாணி வாசனையும் கலந்து இருக்கும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அம்மா இலையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவாள். "படிச்சது படிச்சே, மனுசனுக்கு வைத்தியம் பாக்கறதுக்குப் படிச்சிருக்கலாமல்லோ கண்ணு" என்பாள்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது சாதாரண வார்த்தை, ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கன்று குறுக்கே நின்று வெளியே வரமுடியாமல் மாடு தவிக்கும்போது, தோள்வரை சோப்பைப் பூசிக்கொண்டு கையை உள்ளே விடுவோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். இது கால், இது முட்டி, இது தாடை என்று தடவிக்கொண்டே போய், கன்றின் வாய்க்குள் ஒரு விரலை வைப்போம். உயிரோடு இருந்தால் அது விரலைச் சப்பும். இன்னும் பிறக்காத ஒரு ஜீவன், இருட்டுக்குள் என் விரலைச் சப்புகிறது. முதல் தடவை அது நடந்தபோது நான் அழுதுவிட்டேன். வேர்வை என்று நினைத்து யாரோ துண்டைக் கொடுத்தார்கள்.

அந்த முதல் தடவை தங்கமணி அக்காவின் கட்டுத்தரையில்தான். கட்டுத்தரை என்றால் எங்கள் பக்கம் மாடு கட்டுகிற இடம். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். சொந்தமாக நிலம் இல்லை. அடுத்தவர் தோட்டத்தில் களை எடுத்துவிட்டு, வரப்பில் அறுத்த புல்லைச் சுமந்துவந்து ஒரே ஒரு மாட்டை வளர்த்துக்கொண்டிருந்தார். லச்சுமி என்று பேர். சிவலை நிறக் கலப்பின மாடு. வீட்டுச் செலவு, பெண்ணின் பள்ளிக்கூடம் எல்லாம் லச்சுமியின் மடியிலிருந்துதான்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் போராடிக் கன்றை எடுத்தேன். மூன்றாம் நாள் அக்கா தூக்குப்போசி நிறையச் சீம்பால் கொண்டுவந்து மருந்தக மேசையில் வைத்தார். "மொதப் பாலு ஆண்டவனுக்குங்க, ரெண்டாவது உங்களுக்குங்க டாக்டருங்க" என்றார். நான் அதை ஒரே ஆளாகத் தின்றுவிட்டு மறுநாள் வயிற்றுக்கு மாத்திரை போட்டேன். கன்றை எடுத்த அன்றைக்கே அக்காவிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். லச்சுமிக்கு இடுப்பு குறுகல், கன்றோ பெரிசு பெரிசாக வருகிறது. அடுத்த தடவை தண்ணிக்குடம், அதாவது பனிக்குடம், தெரிந்த உடனே என்னைக் கூப்பிட்டுவிட வேண்டும், யாரையும் விட்டு இழுக்கக் கூடாது. சொன்னதோடு விடாமல் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என் போன் நம்பரைக் கட்டுத்தரைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்தேன்.

அப்புறம் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம், நான் இப்போது சிரிக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டே கேள்வி. "டாக்டருங்களா?" என்று கேட்கும்போது முகம் மலரும். "மாட்டு டாக்டருங்களா..." என்னும்போது பலகாரத் தட்டு கொஞ்சம் தூரமாகப் போகும். அதையும் தாண்டினால், "பர்மனென்ட்டுங்களா?" அங்கே கதை முடிந்துவிடும். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கோழிக் கம்பெனி அப்போதுதான் கூப்பிட்டது. கார் கொடுத்தார்கள். சம்பளம் மாசம் பிறந்ததும் வந்தது. மூன்று வாரத்தில் கல்யாணம் நிச்சயமானது. நான் ஒன்றும் மனசு உடைந்து போகவில்லை, பொய் சொல்லக் கூடாது. முதல்நாள் காருக்குள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஊரைச் சும்மா இரண்டு சுற்று சுற்றினேன். வேலை மாறினால் என்ன, ஒரு போன் பண்ணினால் வந்துவிடப் போகிறேன், எப்போதும் இவர்களுக்கு நான்தான் டாக்டர் என்று நிஜமாகவே நினைத்தேன். எனக்குப் பதிலாக மருந்தகத்துக்கு யாரையும் போடவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோனார்.

கார்த்திகை மாசம் கல்யாணப் பத்திரிகை வைக்கத் தங்கமணி அக்கா வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது ஷூ. அக்கா கட்டுத்தரையில் இருந்தார். லச்சுமி எட்டு மாசச் சினை. வயிறு பெரிதாக இருந்தது. முன்பெல்லாம் நான் அந்த வழியாகப் போனால் நேராக உள்ளே நுழைந்து அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மனுஷர்களிடம் பேசுவேன். அன்றைக்கும் ஒரு கால் எடுத்து வைத்தேன். கீழே சாணியும் மூத்திரமுமாக ஈரம். ஷூவைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன், ஒரு நொடி ஷூவைப் பார்த்தேன். அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"உள்ள வராதீங்க டாக்டருங்க, துணி அழுக்காயிரும். நானே வாரேனுங்க."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மார்கழியில கன்னு போட்ருமுங்க" என்றார். "போன் பண்ணுங்கக்கா, எங்கிருந்தாலும் வந்துருவேன்" என்றேன். "ஆகட்டுமுங்க" என்றார். நான் கட்டுத்தரைக்கு வெளியே நின்றபடியே சுவரில் இருந்த என் நம்பரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்கழியில் கம்பெனி எங்களைக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் மூன்று நாள் வைத்து, வாடிக்கையாளரிடம் எப்படிப் புன்னகைப்பது என்று சொல்லிக்கொடுத்தது. நன்றாகக் கற்றுக்கொண்டதற்கு ஒரு சான்றிதழும் தந்தது. தங்கமணி அக்காவிடமிருந்து போன் வரவில்லை. சுலபமாகப் போட்டிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாசம் கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. மேடையேறி எங்கள் இரண்டு பேர் தலையிலும் அட்சதை போட்டார். நான் மாப்பிள்ளை முறுக்கில் இருந்தேன். மனைவியிடம் பெருமையாக, "இவங்க மாட்டுக்கு நான்தான் டாக்டர்" என்றேன். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, எல்லோரும் கேட்கிற மாதிரி, "ஏனுங்க்கா, லச்சுமி கன்னு போட்டு ஒரு மாசமாகுது, சீம்பாலு எங்க? நான் பெரிய வேலைக்குப் போனதும் என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பக்கத்தில் நின்ற மகள் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த தடவ கொண்டாறேனுங்க. நல்லாருங்க டாக்டருங்க."

மாசி முடிகிற சமயம் விருந்துக்காக நானும் மனைவியும் உடுமலைப் பக்கம் போனோம். லச்சுமியைக் காட்டுகிறேன் வா என்று காரை நிறுத்தினேன். அக்கா பாய் விரித்து உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தார். பால் இல்லாத காப்பி. மாடு இருக்கிற வீட்டில் புதுப்பெண்ணுக்கு வரக்காப்பி கொடுக்க மாட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் எழுந்து கட்டுத்தரைக்குப் போனேன். விறகு அடுக்கியிருந்தது.

அக்கா பின்னாலேயே வந்து நடந்ததைச் சொன்னார். மார்கழியில் ஒரு புதன்கிழமை காலையில் தண்ணிக்குடம் தெரிந்திருக்கிறது. மத்தியானம்வரை கன்று வரவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் வருகிற நாள் அது இல்லை. சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். கன்றும் போய், ராத்திரிக்குள் லச்சுமியும் போய்விட்டது. நான் ஓட்டலில் புன்னகைக்கக் கற்றுக்கொண்ட மூன்று நாளில் நடு நாள் அது. காரில் வந்தால் ஒன்றரை மணி நேரம்.

"எனக்கு ஏனுங்க்கா போன் பண்ணல?" கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பண்லாம்னு போனைக் கையில எடுத்துப்போட்டனுங்க. அப்பறம் நெனச்சனுங்க. கல்யாணம் வெச்சிருக்கறீங்க, பெரிய வேலையில இருக்கறீங்க. சாணிக்குள்ள கூப்புட்டா வந்துருவீங்க, வராம இருக்க மாட்டீங்க. அதான் தொந்தரவு பண்ண மனசு வர்லீங்க."

"கல்யாணத்துல கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமல்லோ?"

"நல்ல காரியத்துல போயி அதச் சொல்லுவாங்களாங்க?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்மேல் வைத்த மரியாதைதான் மாட்டைக் கொன்றது. அந்த மரியாதையை என் ஷூவைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். வேறு மாடு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாமுங்க" என்றார். திரும்பி வரும்போது ஏ.சி. போடவில்லை.

இந்த வேலைக்கு வந்தது தப்பு என்று சொல்லவரவில்லை. எனக்கு வீடு இருக்கிறது, மகள் நன்றாகப் படிக்கிறாள், மனைவியோ இந்த வேலையால் கிடைத்தவள், அவளை வைத்துக்கொண்டு வேறு மாதிரி பேசினால் அது அநியாயம். பழைய வேலையிலேயே இருந்திருந்தால் சம்பளத்துக்கு அலைந்து அலைந்து மாட்டைக் கண்டாலே எரிந்து விழுகிற ஆளாகக்கூட ஆகியிருப்பேன். ஆனால் பிடித்த வேலையை விட்டுப் போகிறவன் இழப்பு தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் பல்லடம் பக்கம் எங்கள் கம்பெனிக் குஞ்சு வளர்க்கிற ஒரு பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரர் போனில் பேசிக்கொண்டே என்னைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு நகர்ந்தார். உள்ளே முகத்தில் துணி கட்டிய இரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் பிளாஸ்டிக் பக்கெட்டோடு வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்துத் துணியை இறக்கினார். தலை நரைத்திருந்தது.

"வாங்க சார். உங்க வீட்டு அம்மணி நல்லாருக்குதுங்களா?"

தங்கமணி அக்கா. மாடு போனதற்கப்புறம் கொஞ்ச நாள் தோட்ட வேலை, இப்போது இங்கே ஆறு வருஷமாக என்றார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாராம். கட்டுத்தரை இருந்த இடத்தில் மருமகன் வந்தால் வண்டி நிறுத்துவதற்குத் தகரம் போட்டிருக்கிறார்களாம். சுவரை இடித்துவிட்டீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. அவர் கையிலிருந்த பக்கெட்டையாவது வாங்கலாம் என்று கொட்டகைக்குள் கால் வைத்தேன்.

"வராதீங்க சார்" என்றார் அவசரமாக. "செருப்பு மாத்தாம உள்ள வரக்கூடாதுங்க. உங்க கம்பெனியிலதான் போர்டு வெச்சிருக்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். வெளியிலிருந்து நோய்க்கிருமி உள்ளே போகாமல் இருக்க எல்லாப் பண்ணைகளிலும் வைத்திருக்கிற போர்டு. அதில் இருக்கிற வாசகத்தை எழுதியது நான்.

அவர் பக்கெட்டோடு உள்ளே போனார். "ஆருங்க்கா அது?" என்று இன்னொரு பெண் கேட்டது காதில் விழுந்தது. "கம்பெனிக்காரரு" என்றார் அக்கா. முன்னே எங்களுக்கு டாக்டரா இருந்தவரு என்று அடுத்து சொல்லுவார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான் கேட்டது.