லித் டெவலப்பருக்கு ஒரு மாற்று

ஒரு டெவலப்பர் நின்றுபோனதற்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. ஃபோட்டோத் தாளில் உருவத்தை வரவைக்கிற அந்தக் கரைசலைக் கம்பெனிக்காரன் அவன் பாட்டுக்குத் தயாரிக்காமல் நிறுத்திவிட்டான். அப்போது என் மனைவி இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் வருஷ நினைவு நாளுக்கு அவள் படம் வேண்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஸ்டுடியோவில் கொடுத்தேன். கறுப்பாக இருந்தவளை வெள்ளைவெளேரென்று ஆக்கிக் கொடுத்தான். வந்த கோபத்தில் அங்கேயே கிழித்துப் போட்டேன். நானே அச்சிடுவது என்று முடிவு செய்தேன்.

குகட்பள்ளி வீட்டின் குளியலறைதான் எங்கள் இருட்டறை. சிவப்பு பல்பு, கமோடு மூடிமேல் பலகை, பலகைமேல் டிரே. அவளுக்குப் பிடித்தது லித் முறை. நெகட்டிவ் வழியாக ஒளி காட்டிய தாளை அந்தக் கரைசலில் போட்டால் வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு பழுப்பாக உருவம் வரும். அதில் கறுப்பு பிடித்துவிட்டால் பால் பொங்குவது போல் படம் முழுக்கப் பரவும். அதற்குள் தாளை எடுத்துவிட வேண்டும்.

மாற்று தேடி அலைந்தேன். சாதாரண டெவலப்பரில் ஏகத்துக்குத் தண்ணீர் கலந்து பார்த்தேன். சாம்பல் பூத்த மாதிரி வந்தது. பழைய செய்முறை ஒன்றில் ஃபார்மலின் வகைத் தூள் வேண்டும் என்றிருந்தது. கோட்டி கடைவீதியில் கெமிக்கல் கடைக்காரர், "ஓ நக்கோ பூச்சோ சாப், உஸ்கு லைசென்ஸ் ஹோனா" என்று, அதற்கு லைசென்ஸ் வேண்டுமென்று கையை விரித்துவிட்டார். கடைசியில் அந்தத் தூள் இல்லாமலே, ஹைட்ரோகுயினோனையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் வைத்து நானே கலக்கினேன். புதுக் கரைசல் தனியாகச் சரிப்பட்டு வராது. முன்பு பயன்படுத்திய பழுப்புத் தண்ணீரையும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அவள் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தாள். அதை ஊற்றினேன். துண்டுத் தாள்களில் சோதித்தபோது அப்படியே பழைய நிறம். குதிக்காத குறைதான். ஆனால் இந்த முறைக்கு ஒத்துவருகிற தாளும் இப்போது கிடைப்பதில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு முழுத்தாள்.

இந்த வேலையில் கண் அவளுடையது, கை என்னுடையது. டிரேயையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏங்க, எடுங்க" என்றதும் நான் தூக்குவேன். சீக்கிரம் சொல்லிவிட்டாள் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலை அட்டையால் மூடிவிட்டு, அவள் நெகட்டிவ் வழியாக ஒளி காட்டிய அந்தத் தாளைக் கரைசலில் போட்டேன். முதலில் கூந்தல் வந்தது. பிறகு கண்கள், மூக்கோரம் மூக்குத்தியின் நிழல். கன்னம் அவள் நிறத்திலேயே வந்தது. கூந்தலில் கறுப்பு பிடிக்கத் தொடங்கியது. எடுக்க வேண்டிய நேரம் என்று நன்றாகத் தெரியும். மனசு வரவில்லை. இத்தனை நாள் கழித்து வருகிறாள், இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கறுப்பு நெற்றியில் இறங்கி, கண்களை மூடி, உதடுவரை வந்த பிறகுதான் கை நீண்டது.

வெளியே மகள் கதவைத் தட்டினாள். இந்த ஊரிலேயே வளர்ந்ததால் அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவது தெலுங்குதான்.

"அம்ம ஒச்சிந்தா, அப்பா?"

படத்தில் அம்மா வந்துவிட்டாளா என்று கேட்கிறாள்.

"வந்தாம்மா" என்றேன். கதவைத் திறக்காமல், டிரேயைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.