எட்டாம் சுற்றும் மரண அறிவித்தல்களும்

எங்கள் வாரப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் யாருக்கு முதலிடம் என்பதற்கு ஒரு விதி இருந்தது. எழுதியவன் நான்தான். புதிய மரணம் முதலில். பிறகு முப்பத்தோராம் நாள் நினைவு. பிறகு ஆண்டு நினைவு. அதற்கும் மேல் இடம் மிஞ்சினால் குத்துச்சண்டைக்காரனின் படக்கதை. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக முப்பது வருடம் தாபன விதிக்கோவையோடு குடும்பம் நடத்தியவனுக்கு ஓய்வுகாலத்தில் வேறென்ன வரும்? மொன்ட்ரியால் நகரின் வில்லரேயில் ஒரு பலசரக்குக் கடையின் நிலவறைதான் அலுவலகம். அங்கே நான் சம்பளமில்லாமல் பக்கம் அமைத்தேன். செவ்வாய் நண்பகல் பன்னிரண்டு மணியோடு பக்கம் மூடப்படும் என்பதும் என் விதிதான்.

படக்கதையை வரைந்த ஓவியர் அதை இளவயதில் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் தொடங்கினார். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவன் கப்பலேறி, துறைமுகம் துறைமுகமாகக் குத்துச்சண்டை போட்டு, கடத்தல்காரரிடம் சிக்கி, தப்பி, மறுபடி சிக்குவான். ஓவியர் கல்லூரியில் தாமே கையுறை மாட்டி இரண்டு போட்டிகளில் தோற்றவர். ஆகவே அடி விழுகிற முகத்தை அவரைப்போல யாராலும் கீற முடியாது. மார்செய் நகரில் இறுதிப் போட்டியின் எட்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது அச்சகம் எரிந்தது. கதையும் எரிந்தது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

ஓவியர் அகதியாக வந்து, மொன்ட்ரியால்-நோரில் குடியிருந்து, ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டினார். எங்கள் பத்திரிகை தொடங்கியதும் கதையை முதலிலிருந்து மறுபடி கீறினார். ஐந்து வருடத்தில் அதே எட்டாம் சுற்றுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் ஊரில் போரும் மறுபடி தொடங்கிவிட்டது. அறிவித்தல்கள் பெருகின. ஏழாம் பக்கம் நிரம்பி வழிந்தது. கதாநாயகன் வாரக்கணக்கில் கையை ஓங்கியபடி நின்றான். மேலே கடையில் மரக்கறி வாங்க வந்தவர்கள், "உங்கடை ஆளுக்குக் கை விறைக்கேல்லையோ?" என்று என்னைக் கேட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஓவியரின் நீரிழிவு மற்றக் கண்ணையும் பிடித்தது. வலது கண் ஏற்கெனவே போயிருந்தது. இடது கண்ணிலும் இரத்தம் கசியலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஓவியர் மூக்கு காகிதத்தில் முட்டக் குனிந்திருந்து மீதி ஐந்து பாகங்களையும் முடித்து, உறையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"அண்ணை, இதுகளை அச்சிலை ஒருக்கா பாத்திட்டால் போதும். பேந்து கண் போனாப் போகட்டும்."

"கீறேக்கை பாத்தனீர்தானே?"

"கீறேக்கை கோடுதான் தெரியும். அச்சிலைதான் ஆள் தெரிவான்."

ஆசிரியரிடம் வேறு பக்கத்தில் இடம் கேட்டுப் பார்த்தேன். "சாவுதான் எங்கடை பேப்பரை ஓட்டுது, அண்ணை. ஆறாம் பக்கத்திலை ராசிபலன். அதிலை கைவைச்சால் சனம் கடையை உடைக்கும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

நான்கு பாகங்கள் வெளிவர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு செவ்வாயும் பன்னிரண்டு ஐந்துக்கு ஓவியரின் தொலைபேசி வரும்.

"இந்தக் கிழமை ஆரும் செத்தவையோ?"

"உமக்கு வெக்கமில்லையே?"

"வெக்கம் கிடக்கு அண்ணை. கண்தான் இல்லை."

கடைசிப் பாகத்துக்கு ஒருவழியாக ஒரு செவ்வாய் வாய்த்தது. பன்னிரண்டு மணிக்குக் கீழ்ப்பகுதி வெறுமையாக இருந்தது. படக்கதையை வைத்துப் பக்கத்தை மூடினேன். வழமையான தொலைபேசி வந்தபோது, "வருது" என்றேன். மறுமுனையில் அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு பெண் படியிறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடைக்கு மேல் குளிரங்கி. கையில் ஒரு குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். பக்கத்தில் நின்றவரின் தோள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பக்கம் மூடியாச்சு, தங்கச்சி. அடுத்த கிழமை போடலாம்."

"வேலையாலை விடேல்லை, ஐயா. ரெண்டு பஸ் மாறி வாறன். மகன். வன்னியிலை ஷெல் விழுந்து. பத்தொன்பது வயசு." அழாமல் சொன்னார். "உடம்பும் இல்லை, செத்தவீடும் இல்லை. பேப்பரிலை வந்தால்தான் நாலு சனம் வீட்டுக்கு வரும்."

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் நேரம் பிந்தி வந்த மனு எதையும் நான் ஏற்றதில்லை. மழையில் நனைந்து வந்த விதவைகளைக்கூட மறுநாள் வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ஏற்றேன். என் பன்னிரண்டு மணி விதி முதல்முறையாக ஓவியரின் பக்கம் நின்ற நாளில் அதை மீறினேன். படக்கதையை எடுத்து உறைக்குள் வைத்தேன். ஒரு கிழமைதானே என்று நினைத்தேன். கச்சேரி மேசையில் எத்தனையோ பேருக்கு நான் சொன்ன வசனம் அது. ஓவியருக்கு அறிவிக்கத் துணிவு வரவில்லை. பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை அவர் பார்த்தார். என்னை அழைக்கவில்லை.

ஞாயிறு காலை அவருடைய மனைவி தொலைபேசி எடுத்தார். "நேற்றுத் தேத்தண்ணி குடிக்கேக்கை, கறுப்பு நூல் மாதிரி ஏதோ ஓடுது எண்டவர். பின்னேரம் ஒண்டும் தெரியேல்லை, அண்ணை."

பார்வை திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை.

அடுத்த வியாழன் கடைசிப் பாகம் வெளிவந்தது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். ஓவியர் சமையலறை மேசையருகே இருந்தார். கட்டம் கட்டமாகச் சொன்னேன். உம்முடைய ஆள் விழுகிறான், எழுகிறான், நடுவர் கையைப் பிடிக்கிறார் என்று. அறிக்கை வாசிப்பதுபோல இருந்திருக்கும். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"போன கிழமை வருது எண்டனீங்கள்."

"ஒரு அறிவித்தல் வந்தது."

"பன்ரண்டுக்கு முதலோ?"

அவர் மனைவி குழாயை மூடினார். ஓம் என்று சொல்லியிருக்கலாம். அறிவித்தல் வந்த நேரம் குறிக்கும் பதிவேடு என்னிடம்தான் இருந்தது, சரிபார்க்க யாருமில்லை.

"பத்து நிமிசம் பிந்தி."

"எனக்காக ஒருக்காலும் உந்தச் சட்டத்தை முறிச்சனீங்களோ?"

"இல்லை."

"ஆரின்ரை அறிவித்தல்?"

சொன்னேன். வயதையும் சொன்னேன்.

"பத்தொன்பதோ" என்றார். நான் செய்தது சரியென்றோ பிழையென்றோ அவர் சொல்லாதது, திட்டியிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட மோசமாக இருந்தது.

"தாங்கோ" என்று கையை நீட்டினார். பத்திரிகையை மேசையில் விரித்துச் சுட்டுவிரலால் தடவினார். அச்சு மை விரலுக்குத் தெரிவதில்லை.

"இதுதானே?" என்று கேட்டார்.

விரல் ஒரு நினைவு அறிவித்தலில், யாரோ ஒரு கிழவரின் நெற்றியில் இருந்தது. நான் அந்த விரலைப் பிடித்து மூன்று அங்குலம் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.