கடைசி ஆளும் இரண்டு போண்டாவும்

கடைசியாக வர வேண்டும். போன சனிக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை அது ஒன்றுதான். அதைக்கூட நான் உருப்படியாகச் செய்யவில்லை.

விஷயம் இதுதான். அடையாற்றங்கரை ஓரமாக ஒரு மண் பாதை. சனிக்கிழமை தோறும் காலை ஆறு மணிக்கு அங்கே ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். யாரும் வரலாம். ஓடலாம், நடக்கலாம், நடுவில் நின்று மூச்சும் வாங்கலாம். கட்டணம் கிடையாது. முடித்தால் சூடாக போண்டாவும் உண்டு.

இலவசம் என்றதும் எனக்கு வழக்கம்போல சந்தேகம். கடைசியில் ஃபிளாட் புக்கிங் ஃபாரத்தை நீட்டுவார்களோ? குக்கர் விற்பார்களோ? ஒன்றுமில்லை. ஓடி முடித்ததும் அரை மணி நேரம் அந்தப் பாதைக்கு வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பொறுக்குவது, நீட்டிக்கொண்டிருக்கும் கருவேல முள்ளை வெட்டுவது, மழை விட்டால் பள்ளத்தில் மண் போடுவது... அபிராமபுரத்தில் என் வீட்டு வாசலை நான் இவ்வளவு அக்கறையாகப் பெருக்கியதில்லை.

முதல் வாரம் எனக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் வந்தார். ஆரஞ்சு கோட்டு போட்ட நஸீர் பாய். மயிலாப்பூரில் டெய்லர். ‘இந்த ஒருத்தரையாவது ஜெயித்துவிட வேண்டும்’ என்று நாக்கு தள்ள ஓடி, அவருக்கு முன்பே எல்லையைத் தொட்டும் விட்டேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அப்புறம்தான் பாய் சொன்னார்:

“சார், ஆரஞ்சு கோட்டு போட்டா கடைசியா வரணும். அதுதான் டியூட்டி. அப்பதானே ஓட வந்த யாரும் கடைசி ஆக மாட்டாங்க?”

தூக்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால், என்ன அழகான ஏற்பாடு! ஒருவர் கடைசி இடத்தைத் தானே வாங்கிக்கொள்கிறார் - மற்ற எல்லோரும் தப்பிக்கிறார்கள்.

போன வாரம் அந்த ஆரஞ்சு கோட்டு என் முறை.

எனக்கு முன்னால் நடந்தவர் ஸ்டெல்லாக்கா. மீன் கடை வைத்திருப்பவர். அறுபத்தொரு வயது, முழங்கால் வலி, புடவைக்குக் கீழே புத்தம் புது ஸ்போர்ட்ஸ் ஷூ.

“சனிக்கெழம மீன் விக்கிறதே இல்ல சார். பாதி பேரு அன்னிக்கி சுத்த சைவம். கடைல குந்திக்கினு ஈ ஓட்றதுக்கு, இங்க வந்து நடக்கலாம்னு வந்துட்டேன்.”

ஆனால் அவருக்கு ஒரு கவலை. அவருடைய மகனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “கடைசியா வந்தேன்னா இத்தோட நிறுத்திக்கணும்” என்று கறாராகச் சொல்லிவிட்டானாம். பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் வரிசை வரும். அவன் பார்ப்பான்.

“நான் கடைசி இல்லியே சார்?”

“நான் இருக்கும்போது நீங்க எப்படிக்கா கடைசி ஆவீங்க?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

கடைசி ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வழிகாட்டுவதற்காக நட்டிருக்கும் சின்னச் சின்ன மஞ்சள் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டே வர வேண்டும். நாலரை கிலோமீட்டர் வரை நானும் ஒழுங்காகத்தான் பிடுங்கினேன். ஸ்டெல்லாக்கா நின்றால் நின்றேன். வஞ்சிரம் விலையேறிய கதையைச் சொன்னால் கேட்டேன். கடைசித் திருப்பத்தில் ஒரு பூவரச மரம். அங்கிருந்து எல்லைக்கோடு தெரியும்.

அப்போது பார்த்து எல்லையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கத்தினார்:

“சீக்கிரம் வாங்க! போண்டா ரெண்டுதான் பாக்கி!”

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் கால்கள்தான் பொறுப்பு.

யோசித்துப் பாருங்கள். சிக்னலில் நமக்கு முன்னால் ஒரு வண்டி நின்றால் பொறுக்குமா? தி.நகரில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு சீட் பிடித்தவன் நான். கல்யாண வீட்டில் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ‘இவர் எப்போது பாயசத்துக்கு வருவார்’ என்று இலையையே பார்த்தவன். ஐம்பத்தெட்டு வருடப் பயிற்சியை ஓர் ஆரஞ்சு கோட்டு தடுக்குமா?

ஸ்டெல்லாக்காவை முந்திக்கொண்டு ஓடினேன். எல்லைக்கோட்டைத் தாண்டினேன். பத்மா மேடம் என் கையில் வரிசை எண் அட்டையைத் திணித்தார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், ஸ்டாப்வாட்ச் அவர் பொறுப்பு. அட்டையில் நாற்பத்தொன்று.

மொத்தம் வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லாக்கா கோட்டுக்கு நாலடி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையும் இடுப்பில்.

“இன்னா சார் இது? சத்தியம் பண்ணிக்கினு வந்துட்டு, ரெண்டு போண்டாவுக்கு என்னிய வுட்டுட்டு ஓடுறியே!”

கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினேன்.

“வாங்கக்கா, வாங்க... கோட்டைத் தாண்டுங்க.”

“நான் தாண்ட மாட்டேன். தாண்டுனா நான்தான் கடைசி. அடுத்த வாரம் என் புள்ள என்னிய வூட்ட வுட்டு வுட மாட்டான். நீ என் பின்னால வா. அப்பத்தான் காலை வெப்பேன்.”

நாற்பது பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள். பத்மா மேடத்திடம் கெஞ்சினேன். “அட்டையை மாத்திக் குடுத்துடுங்க மேடம்.”

“அதெப்படி? வந்தது வந்ததுதான். நான் மாத்தி எழுத மாட்டேன்.”

நஸீர் பாய்தான் என் கையிலிருந்த கொடிகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணினார். பிறகு பூவரச மரத்தைப் பார்த்தார்.

“மேடம், ஒரு கொடி கொறையுதே. அதோ, மரத்தடியிலேயே நிக்குது பாருங்க.”

போண்டா சத்தத்தில் நான் விட்டுவிட்டு வந்த கொடி!

பத்மா மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டம் தெரிந்தவர்களுக்கே வரும் மலர்ச்சி.

“கொடி அங்கேயே நின்னுண்டிருக்கே! அப்போ இவர் வேலையை முடிக்கலை. வேலை முடியலைன்னா இன்னும் வரலைன்னுதான் அர்த்தம். அட்டையைக் குடுங்கோ இப்படி.”

கொடுத்தேன். திரும்பி மரத்தடிக்கு ஓடினேன். பின்னால் ஒரே கைதட்டல்... ஸ்டெல்லாக்கா கோட்டைத் தாண்டிவிட்டார். நாற்பத்தொன்று!

நான் கொடியோடு வந்து சேர்ந்தபோது தட்டு காலி. கடைசி போண்டாவின் கடைசித் துண்டு ஸ்டெல்லாக்காவின் வாயில் இருந்தது. அது நியாயமும்கூட. பிளாஸ்டிக் பொறுக்கக் கோணிப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது, மகனோடு அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது.

“இல்லடா, நான் கடைசி இல்ல. என் பின்னால ஒர்த்தரு வந்தாரு... பாவம்டா, ரொம்ப வயசானவரு.”