எண்பத்தேழாவது டோக்கன்

சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் அவர் கதவுக்காரர். நகரத் தலைமை அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல், அந்த ஸ்டூலில் அவர். மனுவோடு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார், முறை வந்ததும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார், கதவைத் திறப்பார், மூடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று வரிசையில் யாராவது முணுமுணுத்தால் அவருக்குக் கோபம் வராது.

"பூசாரின்னா தட்டுல ஏதாச்சும் விழணும். எனக்கு முதுகுவலிதான் விழுது" என்பார்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் உள்ளே இருப்பவரின் லட்சணம் தெரியும். உள்ளே போகும்போது ஒரு முகம், வெளியே வரும்போது ஒரு முகம், இரண்டையும் பார்த்தால் போதும். அப்படிப் பத்து அதிகாரிகளை அவர் எடை போட்டிருந்தார். ஒருவருக்கு அவர் வைத்த பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், எதுவும் ஆகாது. இன்னொருவர் 'வெடி'. பதினொரு மணிக்கு முன்னால் பக்கத்தில் போனால் காது போய்விடும். மூன்றாவது ஒருவர் தங்கமான மனிதர். என்ன பயன், நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், ஆட்சி நடத்தியது அவர் மச்சான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் இதைத்தான் பேசுவார்.

"ஆளுறவனுக்கு முதல்ல காது வேணும். எதிராளி சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமை வேணும். இல்லைன்னு சொல்றதா இருந்தா, குமாஸ்தாவை விட்டுச் சொல்லாம தானே சொல்ற தைரியம் வேணும். எல்லாத்துக்கும் மேல, ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு இருக்கவே கூடாது."

"ராஜகுருவே, சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு ஒரு வாரமா கத்துறேனே, அதுக்கு உங்களுக்குக் காது இருக்கா?" என்பாள் மனைவி.

பதினோராவதாக வந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வந்த முதல் நாளே மேஜைக்கு எதிரே நாற்காலி போடச் சொன்னார். அதுவரை மனு கொடுக்கிறவர்கள் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். மேடம் குறுக்கே பேசுவதில்லை. முடியாததை முடியாது என்று அவரே சொன்னார், ஏன் முடியாது என்பதையும் சொன்னார். வேலை கிடைக்காமல் வெளியே வந்தவர்கள்கூட நிமிர்ந்து நடந்தார்கள். ஒரு நாள் மேடத்தின் சொந்தச் சித்தப்பா வந்து, "நான் யார் தெரியுமா?" என்று கதவுக்காரரிடம் கேட்டார். உள்ளே போய்ச் சொன்னதற்கு, "டோக்கன் கொடுங்க" என்று மட்டும் பதில் வந்தது. சித்தப்பா அறுபத்து நான்காவது ஆளாகச் சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அன்று கதவுக்காரர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார். பார்த்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். இப்படி ஒருவரைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் அந்த ஸ்டூலைத் தேய்த்தோம் என்று நினைத்தார்.

நல்லவரிடம் ஒரு சங்கடம் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் யார் சொல்வதையும் கேட்கமாட்டார்கள், அதனால் மதியத்துக்குள் நூறு பேர் முடிந்துவிடும். மேடம் எல்லோர் சொல்வதையும் கேட்டார். ஒரு நாளைக்கு இருபது, இருபத்திரண்டு பேரைத் தாண்டவில்லை. மீதிப் பேர் அதே டோக்கனோடு மறுநாள் வர வேண்டும். அதற்கும் மேடமே ஒரு வழி செய்தார். கதவுக்காரரைக் கூப்பிட்டு ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார்.

"வெளியில உட்கார்ந்திருக்கிறவங்க கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். யாரால காத்திருக்க முடியாதோ அவங்க டோக்கன்ல ஒரு கோடு போட்டு அனுப்புங்க. நான் முதல்ல பார்க்கிறேன். உங்களை நம்பிக் கொடுக்கிறேன்."

இருபத்தாறு வருடத்தில் அவரை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அந்த வரிசையில் அவருடைய அக்கா வந்து நின்றாள்.

அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி அவரை ஆளாக்கியவள் அவள். இப்போது தனியாள். கால்வாய் ஓரத்தில், கொத்தனாராக இருந்த புருஷன் தன் கையாலேயே கட்டிய இரண்டு அறை வீட்டில் பள்ளிச் சீருடைகள் தைத்துப் பிழைக்கிறாள். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள், கரையிலிருந்து இருபது அடிக்குள் இருக்கும் வீடுகளை இடிக்கப் போகிறார்கள். அக்காவின் வீடு இருபத்தாறாவது அடியில் இருக்கிறது. அளக்க வந்தவர்கள் கரையில் டேப்பைப் பிடிக்காமல், வீட்டுப் பக்கமாகத் தள்ளியிருந்த பழைய சுவரில் பிடித்து அளந்துவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு இடிப்பு என்று கதவில் நோட்டீஸ். மறுபடி ஒரு தடவை அளக்கச் சொன்னால் போதும், வீடு பிழைத்துவிடும். அவ்வளவுதான் அவள் மனு.

அவளுக்குக் கிடைத்தது எண்பத்தேழாவது டோக்கன்.

கதவுக்காரர் பென்சிலை எடுத்தார். வரிசை முழுக்க அவரையே பார்ப்பது போல இருந்தது. இவள் யார் என்பது அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மேடத்தின் சித்தப்பா உட்கார்ந்துவிட்டுப் போன பெஞ்சில்தான் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பேர் என்றாலும் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எண்பத்தேழு வந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை இருபத்திரண்டோடு நின்றது. செவ்வாய்க்கிழமை நாற்பத்து மூன்று. அக்கா காலையில் முதல் ஆளாக வருவாள், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சிவப்புக் கோடு என்ன செய்கிறது என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. புதன்கிழமை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"தம்பி, எனக்கும் அந்தக் கோடு ஒண்ணு போட முடியாதா?"

"எல்லாரும் பார்க்கிறாங்கக்கா. கதவுக்காரன் தன் அக்காவை உள்ள விட்டுட்டான்னு சொல்லுவாங்க. மேடம் என்னை நம்பிக் கொடுத்தது."

"சரிடா" என்றாள் அக்கா. இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேனோ என்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் ஒருவர் மறுநாள் ஆபரேஷன் என்று கையில் காகிதத்தோடு வந்தார். கதவுக்காரர் கோடு போட்டார். பின்னாலேயே ஒரு தாய், மகளின் பரீட்சை அனுமதிச் சீட்டு இன்றே வேண்டும் என்று அழுதுகொண்டு வந்தாள். அதற்கும் போட்டார். போடாமல் இருக்க அவரால் முடியவில்லை, நியாயமான கேஸ். அந்த இருவரையும் மேடம் ஆளுக்கு அரை மணி நேரம் கேட்டார். ஐந்தரை மணிக்கு எண்பத்தைந்தாவது ஆள் வெளியே வந்தார். மேடம் வேறு கூட்டத்துக்குக் கிளம்பி, எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு, கதவுக்காரரைத் தாண்டி நடந்தார். கூப்பிட வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது, வாயை மூடிக்கொண்டார். கார் கிளம்பிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேடத்தின் வீட்டு வாசலுக்கு ஓடினார். அங்கே காவலுக்கு இருந்தவர் அவருடைய பழைய கூட்டாளி.

"வீட்டுல மனு வாங்குறதில்ல அண்ணே. உங்களுக்குத் தெரியாததா? முறைன்னா முறைன்னு நீங்கதானே எங்களுக்கெல்லாம் சொல்லுவீங்க."

"ஒரே ஒரு வார்த்தைடா. அஞ்சு நிமிஷம்."

"எட்டு மணிக்கு மேலதான். என் வேலை போயிடும்ணே."

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து கால்வாய்க்கு ஓடியபோது மணி ஏழு பத்து. தையல் மெஷினும் இரண்டு மூட்டைத் துணியும் தெருவில் இருந்தன. இடிக்கும் இயந்திரத்தை ஓட்டியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஆர்டர் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க, இப்பவே நிறுத்துறேன்" என்றார். கதவுக்காரரிடம் ஆர்டர் இல்லை. சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. முன்சுவர் முதலில் விழுந்தது.

பத்து மணிக்கு அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு அக்காவும் பெஞ்சுக்கு வந்தாள். அவர் எண்பத்தாறைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். பதினொரு மணிக்கு எண்பத்தேழு என்று கூப்பிட்டுக் கதவைத் திறந்தார்.

மேடம் முழுசாகக் கேட்டார். சர்வேயரை உடனே அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, இருபத்தாறு அடி, இடித்தது தவறு. மேடம் கதவுக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

"இந்த டோக்கன்ல ஏன் கோடு போடல?"

"என் அக்கா, மேடம்."

மேடம் டோக்கனைத் திருப்பிப் பார்த்தார். "இவங்க யாரோ ஒருத்தரா இருந்திருந்தா?"

"திங்கட்கிழமையே போட்டிருப்பேன் மேடம்."

"பென்சிலைக் கொடுத்தேனே தவிர, சொந்தக்காரங்க வந்தா என்ன செய்யணும்னு நான் சொல்லல. தப்பு என் மேலயும் இருக்கு" என்றார் மேடம். அக்காவிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வேறு வீட்டுக்கு வழி செய்வதாகவும் சொன்னார். சொன்னால் செய்வார், அதில் சந்தேகமில்லை. புருஷன் கையால் பூசிய சுவரை மட்டும் யாராலும் செய்து தர முடியாது.

கூடத்துக்கு வந்ததும் அக்கா நின்றாள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைப் பழைய பழக்கத்தில் தட்டிவிட்டாள்.

"அம்மா மாதிரி வளர்த்தேன்னு இத்தனை நாளா பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். உனக்கு நான் யாரோவா இருந்திருக்கலாம்டா தம்பி."

உள்ளேயிருந்து மணி அடித்தது. அவர் கதவருகே போய் எண்பத்தெட்டைக் கூப்பிட்டார்.