டிரான்ஸ்ஃபர்

துவாஸில் வேலை செய்யும் என்னை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள செம்பவாங் கிளைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பக்கவாதம் வந்த மனைவி அங்கே பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

முடிவெடுக்க வேண்டியவன் செல்வம். என்னிடம் தொழில் கற்றவன், இன்று எனக்கே மேலாளர். மனம் இளகட்டும் என்று இன்று மதியம் தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன்.

அவன் கால்பந்து பேசினான். அவன் ரசிகனாக இருக்கும் அணியின் நட்சத்திர ஆட்டக்காரன் மனம் கசந்து, வேறு அணிக்கு விடச் சொல்கிறானாம்.

“வித்துடலாமாண்ணே?”

“எதுக்கு? கோடி கோடியா வாங்குறவனுக்கு என்ன துக்கம்? காண்ட்ராக்ட் இருக்குல்ல, பெஞ்ச்ல உக்கார வை.”

“பாவம் லா, மனசு ஒடிஞ்சிடுவான்.”

“ஒடியட்டும். ஒருத்தன விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

செல்வம் ரசத்தை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தான்.

“உங்க டிரான்ஸ்ஃபர்ல என்ன செய்றதுன்னு குழம்பிக்கிட்டு இருந்தேண்ணே. இப்ப தெளிவாயிடுச்சு.”

சிரிப்பான் என்று காத்திருந்தேன். இலையை மடித்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டான்.

அந்த ஆட்டக்காரனை விற்கலாம் என்பவர்கள் கீழே கமெண்ட்டில் எழுதுங்கள். நானும் இப்போது உங்கள் கட்சிதான்.